நாலு மணி அலை

கரிசல் பக்கம் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற ஊர் எதுவோ அதுதான் இந்த ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பேரைக் கேட்டு என்ன ஆகப்போகிறது. அந்த ஊரில் சுப்பையா நகர் நாலாவது தெருவில், கடைசிக்கு முந்தின வீட்டில், ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு மணி கணகணவென்று அடித்தது, அடித்து ஓய்ந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து அலை கிளம்பி வந்தது. முழங்கால் உயரத்துக்கு, நுரை தள்ளிக்கொண்டு, லேசான குளோரின் வாசத்தோடு, கூடத்துச் சுவருக்கும் அடுப்படிச் சுவருக்கும் நடுவே போய்ப் போய் வந்து, வாசற்படி மூன்றிலும் வழிந்து தெருவில் இறங்கி, கால்மணி நேரம் ஆனதும் வந்த வழியே கட்டிலுக்கடியில் போய்விட்டது. போன பிறகு தரை காய்ந்து கிடந்தது. கீழே கிடந்த செய்தித்தாள்கூட நனையவில்லை.

முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காதான். வாசலில் தண்ணீர் வழிவதைக் கண்டதும், "செண்பகம், மோட்டார ஆஃப் பண்ணும்மா, தொட்டி நிறைஞ்சு ஊத்துது பாரு!" என்று கத்தினாள். அந்த வீட்டில் மோட்டாரும் கிடையாது, தொட்டியும் கிடையாது என்று பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். "அட, அலையா?" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் இரண்டு குடத்தோடு திரும்பி வந்தாள். மற்றதெல்லாம் வடிந்து போனாலும் குடத்தில் பிடித்த தண்ணீர் குடத்திலேயே இருந்தது, அதுதான் முக்கியம், அந்தத் தெருவில் வேறு எதையும் யாரும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் குடியிருந்தது இரண்டே பேர். ஒன்று செண்பகவல்லி, இன்னொன்று அவளுடைய இரண்டரை வயது மகள் தன்விகா. புருஷன் வேல்ச்சாமி கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான். பிள்ளை வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும்போது விமானம் ஏறியவன் இன்னும் இறங்கவில்லை, வெள்ளிக்கிழமைதோறும் செல்போன் திரையில் மட்டும் வருவான். செண்பகத்துக்குப் பிறந்த ஊர் தென்காசிப் பக்கம். இந்தத் தெருவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் "சாப்பாடாச்சா", "ஆச்சுக்கா" என்பதற்கு மேல் யாரோடும் ஒரு பேச்சு வளர்ந்ததில்லை. சில வாரம் அவள் வாய் திறந்து பேசின ஒரே பெரிய மனுஷன் சிலிண்டர் போட வந்தவராக இருந்திருக்கிறார். அவரும் அவசரத்தில் இருப்பவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இவ்வளவுதான். வேல்ச்சாமி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான், மதுரை தாண்டி ஒரு பெரிய தீம் பார்க், அதில் கடல் மாதிரி ஒரு தண்ணித் தொட்டி, மணி அடித்தால் அலை வரும். கூடவே குரல் பதிவு: "லீவுக்கு வந்ததும் மூணு பேரும் போறோம் செண்பகம், ரெண்டு நாள் தங்குறோம். நீ பிளான் போடு." பிளான் போடு என்று சொல்லிவிட்டான், யாரோடு போடுவது? பிள்ளைக்குப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டே பிள்ளையோடுதான் போட்டாள். காலையில் ஆறு மணி பஸ், ஜன்னல் சீட்டு தன்விக்கு, நடுவில் அம்மா, ஓரத்தில் அப்பா, போனதும் ரூம், ரூமில் பையைப் போட்டதும் பார்க், பார்க்கில் முதலில் அலை. "அலை வந்தா என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். "குதிக்கும்!" என்றது பிள்ளை. அப்படிச் சொல்லி முடித்த கையோடுதான் பீரோவுக்குப் பின்னால் மணி அடித்தது.

மறுநாள் எஸ்தர் அக்கா வந்து, "எதுக்கும்மா நேத்து அலை வந்துச்சு?" என்று விசாரித்தாள், செண்பகமும் பார்க் விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள், நாலு மணிக்கு அலை வந்தது. வியாழக்கிழமை எதிர்வீட்டுக்காரர்களிடம் சொன்னாள், வந்தது. வெள்ளிக்கிழமை புருஷனிடம் பேசினாள், வந்தது. சனிக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். செண்பகம் கஷாயமும் கையுமாக அலைந்ததில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசல் படியிலிருந்து தெருமுனை வரைக்கும் குடம் வரிசை கட்டி நின்றது, நாலு மணி ஆனது, நாலரை ஆனது, மணியும் இல்லை, அலையும் இல்லை.

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் திரவியம் அண்ணாச்சி, தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருப்பவர், நாற்காலி போட்டு உட்கார்ந்து விசாரணையே நடத்திவிட்டார். "முந்தாநாள் என்ன பண்ணுன? நேத்து என்ன பண்ணுன? இன்னைக்கு என்ன பண்ணல?" என்று கேட்டுக் கேட்டு, பார்க்குக்குப் போவதைப் பற்றி யாராவது ஒருத்தர் அவளோடு உட்கார்ந்து திட்டம் பேசினால் அலை வருகிறது, பேசாவிட்டால் வருவதில்லை என்பதைக் கண்டுபிடித்தார். நாலாவது தெருவில் தெருக்குழாய்க்கு முறை உண்டு, இன்றைக்கு இந்த வீட்டுக்கு முதல் குடம், நாளைக்கு அடுத்த வீட்டுக்கு என்று. அதே வரிசையில் பிளானுக்கும் முறை வைத்தார்கள். அலையைப் பார்த்து வாயைப் பிளந்தவர் ஒருத்தர் இல்லை, முறை வைப்பதில் சண்டை போட்டவர்கள்தான் ஒன்பது பேர்.

அதற்கப்புறம் தெருவுக்கே நாலு மணி என்பது தனி நேரமாகிவிட்டது. காய்கறி வண்டிக்காரர் மூன்றரைக்கே வந்து போனார், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் பையைப் போட்டுவிட்டு வாளியைத் தூக்கின, ஒரு நாள் தண்ணீரைச் சோதிக்கத் தெரிந்த ஒருத்தர் பாட்டிலில் பிடித்துப் போய்ப் பார்த்து "குடிக்க வேண்டாம், மத்த எல்லாத்துக்கும் ஆகும்" என்றார், அவ்வளவுதான், துவைக்கிற கல்லெல்லாம் உயிர் பெற்றன. வாடிக்கிடந்த முருங்கை துளிர்த்தது. நாலாவது தெருவுக்குப் பெண் கொடுக்கலாம், தண்ணிக் கஷ்டம் கிடையாது என்று கல்யாணத் தரகர்கள் சொல்லத் தொடங்கியதில், முப்பத்தாறு வயதுவரை ஒண்டிக்கட்டையாக நின்றிருந்த ஒருத்தருக்கு ஆவணியில் முகூர்த்தமே வந்துவிட்டது.

செண்பகத்துக்குச் சந்தோஷம் என்றால் சந்தோஷம், சொல்லி முடியாது. தினமும் மூன்று மணிக்கு ஒரு ஆள் வந்து எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவது எவ்வளவு பெரிய காரியம் என்று, தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் மத்தியானமே தலைவாரிக்கொண்டாள், டீக்குப் பால் எடுத்து வைத்தாள், வருகிறவர்களுக்கென்று முறுக்கு வாங்கினாள்.

"தண்ணியில இறங்க நைலான் துணிதான் போடணுமாம்ல? சேலையோட விட மாட்டாங்களாம்" என்பாள் எஸ்தர் அக்கா.

"அங்கேயே வாடகைக்குக் குடுப்பாங்களாம்க்கா."

"ஊரான் போட்டதையா? சீச்சீ. நான் தைச்சுத் தாரேன், அளவு குடு."

புளியோதரை ரெண்டு நாள் தாங்கும் என்றார் ஒருத்தர். வெளிச்சாப்பாடு உள்ளே விட மாட்டார்கள் என்றார் மறுநாள்காரர். பிள்ளைக்கு என்று சொன்னால் விடுவார்கள் என்றார் அதற்கு மறுநாள்காரர். ஒருநாள் ஏழாம் நம்பர் வீட்டுக்காரர் சோம்பல்பட்டு, முந்தின நாள் பேசினதையே திருப்பிப் பேசிவிட்டுப் போனார், அன்றைக்கு அலை கணுக்காலைக்கூட நனைக்கவில்லை, தெருவே அவரைத் திட்டித் தீர்த்தது. அதிலிருந்து தினமும் புதுசாக ஏதாவது பேசியாக வேண்டும் என்று ஆனது, திட்டமும் வளர்ந்தது, வளர்ந்தது, மழை பெய்தால் என்ன, பிள்ளை தொலைந்தால் என்ன, பிள்ளையின் கையில் பேனாவால் எழுதுகிற செல்போன் நம்பர் தண்ணியில் அழிந்தால் என்ன, லாட்ஜில் வேல்ச்சாமி விடும் குறட்டையில் பிள்ளை பயந்தால் என்ன என்பதுவரை போய்விட்டது. அண்ணாச்சி கடையிலிருந்து ஒரு நானூறு பக்க நோட்டைக் கொடுத்து எல்லாவற்றையும் அதில் எழுதச் சொன்னார்.

ஆனால் பாருங்கள், பேச்சு பார்க்கைத் தாண்டி ஒரு அடி நகராது. ஒருநாள் மனசு தாளாமல் செண்பகம், "ரெண்டு நாளா ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குதுக்கா, என்னமோ மாதிரி படபடன்னு வருது" என்று ஆரம்பித்தாள். எஸ்தர் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மணி மூணே முக்கால். "அது கெடக்கட்டும்மா, டவல் எத்தனை எடுத்துட்டுப் போற?" என்றாள். செண்பகம் விழுங்கிக்கொண்டு, "மூணுக்கா" என்றாள். நாலு மணிக்கு அலை வந்தது, நாலே காலுக்கு எல்லாரும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள், வீடு முன்னைவிட வெறிச்சென்று கிடந்தது.

இதில் கொடுமை பிள்ளைக்குத்தான். முதல் நாள் அலையில் அது குதித்த குதி என்ன, போட்ட கும்மாளம் என்ன! ஆனால் குடங்கள் வந்ததும், "பிள்ளையைத் தூக்குங்கப்பா, தண்ணி கலங்குது" என்றார்கள். "ஜட்டியோட நிக்குது, மூத்திரம் கீத்திரம் போயிரப்போகுது" என்றார்கள். சரி, குடம் கால் மேல் விழுந்துவிடுமோ என்ற பயமும் செண்பகத்துக்கு இருந்தது. கட்டில் மேல் சுற்றிலும் தலையணையை அணைகட்டித் தன்விகாவை நடுவில் உட்காரவைத்தார்கள், அதற்குக் கீழேயிருந்துதான் அலை புறப்பட்டுப் போகும். முதல் வாரம் பிள்ளை கையை நீட்டிக்கொண்டு அழுதது. ஆடி மாதம் முழுக்கச் சிணுங்கியது. புரட்டாசியில் அழுவதையும் விட்டுவிட்டு, கட்டை விரலை வாயில் போட்டுக்கொண்டு, ஊரார் தண்ணீர் மொள்வதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. அது அழுதபோதுகூடச் செண்பகத்துக்கு இவ்வளவு வலிக்கவில்லை, அழாமல் இருந்ததைப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது. இவளை ஒருதரம் அலையில் இறக்கியே ஆக வேண்டும் என்பது அன்றைக்கு அவள் மனசில் விழுந்த வைராக்கியம்.

வேல்ச்சாமி ஆடியில் வருகிறேன் என்றவன் ஆவணி என்றான், ஆவணி தாண்டித் தீபாவளி என்றான். ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை, "லீவு கேட்டுட்டேன் செண்பகம், குடுத்துருவாங்க, அநேகமா உறுதி" என்றான். அன்று அலை இடுப்பு உயரத்துக்கு வந்தது. தெருவே வந்து டிரம், அண்டா, குழந்தை குளிக்கிற டப்பு எல்லாவற்றையும் நிரப்பியது, ஆனால் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. "அப்ப போறதுன்னு ஆயிருச்சா?" என்று அண்ணாச்சி இரண்டு தடவை கேட்டார். "பிள்ளை இன்னும் கொஞ்சம் வளரட்டுமே, இப்பக் கூட்டிட்டுப் போனா அதுக்கு ஞாபகமா இருக்கப்போகுது?" என்றார். "வீட்டுக்குள்ளேயே அலை இருக்கு, இதை விட்டுட்டுக் காசைக் கொட்டி அங்க எதுக்கு?" என்றாள் எதிர்வீட்டுக்காரி, பிள்ளை உட்கார்ந்திருந்த கட்டில்மேலேயே குடத்தை வைத்துக்கொண்டு. போய்விட்டு வந்தால் திட்டம் முடிந்துவிடும், திட்டம் முடிந்தால் அலை ஏது? இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வேல்ச்சாமி திரையில் வந்தபோது முகம் கொடுக்காமல் பேசினான்.

"லீவை வேண்டாம்னுட்டேன் செண்பகம். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. "எதுக்குங்க?"

"திரவியம் அண்ணாச்சி போன் பண்ணாக. உன்னால தெருவுக்கே தண்ணிக் கஷ்டம் தீந்துச்சுன்னு சொன்னாக, எனக்கே பெருமையா இருந்துச்சு. எஸ்தர் அக்காவும் பேசுனாக. வீட்டுல எப்பவும் ஆளும் பேருமா இருக்காமே, நீ முன்ன மாதிரி தனியா இல்லையாமே. நான் உன்னை நெனச்சுத்தான் இவ்வளவு நாள் யோசிச்சேன். உனக்குத்தான் துணை இருக்கே."

செண்பகம் போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றாள். "அப்பா, அலை!" என்று பிள்ளை சொல்வது கேட்டது. எனக்கு யாருமே இல்லை என்று அந்த ஆளிடம் கத்தியிருக்கலாம். மூன்று வருஷமாகச் சொல்லாததை ஒரு மத்தியானத்தில் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு எஸ்தர் அக்கா வந்தாள், அன்று அவள் முறை. செண்பகம் டீ போடவில்லை. "அவருக்குப் போன் பண்ணுனீங்களாக்கா?" என்று நேராகக் கேட்டாள்.

எஸ்தர் அக்கா பொய் சொல்கிற ஜாதி இல்லை. "ஆமா, பண்ணுனேன்" என்றாள். "என் மாமியாக்காரி எட்டு மாசமா படுக்கையில கெடக்கு. ஒரு நாளைக்கு எத்தனை துணி நனையுதுன்னு உனக்குத் தெரியுமா? இந்த அலை வாறதுக்கு முந்தி நான் லாரித் தண்ணிக்கு நின்னு நின்னு என் கால் ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு. நீ போயிட்டு வந்துட்டா நான் என்ன செய்ய, சொல்லு. உனக்குக் கெடுதல் பண்ணணும்னு பேசல."

"எனக்கு யாரோ துணை இருக்காங்கன்னு சொன்னீங்களாமே. யாருக்கா?"

எஸ்தர் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, பழக்கதோஷம் பாருங்கள், "நைலான் டிரெஸ் தைச்சுட்டேன், போட்டுப் பாக்குறியா?" என்றாள். செண்பகத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலைல ஆறு மணி பஸ்ஸுக்குப் போறேன்க்கா, நானும் பிள்ளையும்" என்றாள். அன்று நாலு மணிக்கு வந்த அலை மார்பளவு வந்தது. அப்படி ஒரு அலையை நாலாவது தெரு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை, எல்லாரும் ஓலைப்பெட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பிடித்தார்கள்.

காலையில் ஒரு பையும் பிள்ளையுமாக அவள் தெருவில் இறங்கியபோது இரண்டு பக்கத்து வாசல்களிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் போயிட்டு வா என்றும் சொல்லவில்லை. நானூறு பக்கத் திட்டத்தை அவள் பீரோ மேலேயே விட்டுவிட்டுப் போனாள்.

பார்க்கில் நடந்ததை நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. எல்லாரும் ஐந்து பேர், ஏழு பேர் என்று கூட்டமாக வந்திருந்தார்கள், இவர்களைப் போட்டோ பிடிக்கக்கூட ஆள் இல்லை. லாட்ஜுக்காரர் "ஆம்பளை யாரும் வரலியா?" என்று மூன்று தடவை கேட்டார். பெரிய தொட்டியின் கரையில் செண்பகம் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றாள். மணி அடித்தது. ஆயிரம் பேர் ஓவென்று கத்தினார்கள், ஒருத்தர் கையிலும் குடம் இல்லை, பிள்ளையைத் தூக்கு என்று யாரும் சொல்லவில்லை. தன்விகா முதல் அலைக்கு அம்மாவின் கழுத்தை நெரித்தது, இரண்டாவது அலைக்கு மூச்சை இழுத்தது, மூன்றாவது அலைக்குக் கையை உதறிவிட்டு இறங்கி, ஆனி மாதத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த குதி எல்லாவற்றையும் ஒரே மூச்சாகக் குதித்துத் தீர்த்தது. செண்பகமும் குதித்தாள். கத்தினாள். எல்லார் முகமும் ஈரமாக இருந்ததால் அவள் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் திரும்பி வந்தாள். திங்கட்கிழமை நாலு மணிக்கு மணி அடிக்கவில்லை. வாசலில் ஒரு குடமும் இல்லை, ஊருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்தத் தெரு அதையும் ஏற்றுக்கொண்டது, அலை வந்ததை ஏற்றுக்கொண்ட மாதிரியே. வியாழக்கிழமை லாரிக்குச் சொல்லிவிட்டார்கள், காய்கறி வண்டிக்காரர் பழையபடி ஐந்து மணிக்கு வந்தார். செண்பகத்தை யாரும் ஏசவில்லை. லாரித் தண்ணிக்கு வரிசையில் நின்றபோது, எல்லாருக்கும் விடுவது போல அவளுக்கும் இடம் விட்டார்கள். எஸ்தர் அக்கா வீங்கின காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு முன்னால் நின்றாள். செண்பகம் அவளுடைய குடத்தையும் சேர்த்துத் தூக்கிக் கொண்டுபோய் வைத்தாள். "நல்லாயிரு" என்றாள் எஸ்தர் அக்கா.

ஐந்து மாதமாக அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்காத கேள்வி இல்லை அந்தத் தெருவில். போய்விட்டு வந்த பிறகு, எப்படி இருந்தது என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்கவில்லை. அவள் ஒவ்வொரு வாசலைக் கடக்கும்போதும் நடையைத் தளர்த்திப் பார்த்தாள். சொல்ல அவ்வளவு இருந்தது அவளிடம். வெள்ளிக்கிழமை வேல்ச்சாமி கூப்பிட்டு, "தண்ணி நின்னுருச்சாமே, அண்ணாச்சி வருத்தப்பட்டாக. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ல?" என்றான். "ம்" என்றாள்.

மறுநாள் நாலு மணிக்குக் காய்ந்த தரையில் பிள்ளையை எதிரே உட்காரவைத்துப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள், பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "தன்வி, நாம அலைக்குப் போனோமே, எப்படிம்மா இருந்துச்சு?"

பிள்ளை வாய்ச்சோற்றை விழுங்கிவிட்டு யோசித்தது. "நல்லா இந்துச்சு" என்றது. பிறகு அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, அம்மா கேட்ட அதே ராகத்தில் கேட்டது: "ம்மாக்கு எப்பி இந்துச்சு?"

செண்பகம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஆறு மணி பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தாள். ஜன்னல் ஓரம் காற்று எப்படி அடித்தது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் எப்படி ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள், லாட்ஜ் படியேறும்போது எவ்வளவு பயமாக இருந்தது, தண்ணிக்குள் காலை வைத்ததும் உடம்பு எப்படிச் சிலிர்த்தது, முதல் அலைக்கு அவள் யாரை நினைத்துக்கொண்டாள், மூன்றாவது அலைக்கு எப்படி யாரையுமே நினைக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை பாதியிலேயே தூங்கிவிட்டது. செண்பகம் நிறுத்தாமல், முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.